சொம்பில் தெரிந்த மெரூன் புடவை

இது நிஜமாக நடந்தது. நம்ப மாட்டேன் என்று முறைப்பவர்கள் தாராளமாக முறைத்துக்கொள்ளுங்கள். பத்மினியை எனக்கு இருபது வருஷத்துக்கு மேலாகத் தெரியும். பொய் சொல்ல அவளுக்குத் துப்பு கிடையாது. தக்காளி விலையைக்கூடக் கூட்டிச் சொல்லத் தெரியாத பெண்பிள்ளை.

பேய்க்கதை என்றதும் அமாவாசை, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று தயாராக உட்கார்ந்திருப்பீர்கள். அதெல்லாம் இதில் இல்லை. இது நடந்தது பட்டப்பகலில். திருப்பதியில், ஜனங்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் மத்தியான வேளையில், தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போகும்போது நடந்தது. அதனால்தான் இன்றைக்கு நினைத்தாலும் பயமாக இருக்கிறது. ராத்திரியில் பயந்தால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். பகலில் பயந்தால் எதைப் போடுவது?

வருஷம் இரண்டாயிரம். பத்மினி நகரிக்காரி. பிறந்த வீட்டில் பவர்லூம் தறி ஓடும். புருஷன் முனிகிருஷ்ணன் குவைத்தில் எலக்ட்ரீஷியன். திருப்பதியில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில், நாலு வயது மகள் மஞ்சுவோடு அவள் குடியிருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் காலையில் மட்டும் டிராயிங் டீச்சர். மத்தியானத்துக்கு மேல் வீட்டில் படம் வரைவாள்.

மஞ்சுவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இரண்டு கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை அவள். முனிகிருஷ்ணன் வெள்ளிக்கிழமை கீழ்வீட்டுக்குப் போன் செய்தால் முதல் கேள்வி, "மஞ்சு இன்னா பண்ணிகினு இருக்கா?" என்பதுதான். பத்மினி செத்தாளா பிழைத்தாளா என்பது அப்புறம். அவளும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. அவளுக்குமே அந்தக் குழந்தைதான் எல்லாம். பிள்ளை ஒரு தும்மல் போட்டால் இவளுக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம்தான் பிரபாகர் வந்தான். பிச்சாட்டூர்க்காரன், கல்யாணமானவன், அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஊரில் இருந்த வீட்டை விற்கிறான். ஒரு காரில் நாலு பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு பத்மினியின் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒரு பித்தளைக் குடம், ஒரு செம்புத் தவலை, ஒரு எவர்சில்வர் தூக்கு, ஒரு சின்னப் பித்தளைச் சொம்பு.

"ஃப்ளைட்ல இதெல்லாம் எடுத்துட்டுப் போக முடியாது மேடம். அம்மா பொழங்குன சாமான். ஒரு படமா வரைஞ்சு குடுங்க, ஹால்ல மாட்டிக்கிறேன்."

"சொம்புகூட அம்மாதா?" சொம்பு மட்டும் கறுத்து, தனியாகத் தெரிந்ததால் கேட்டாள்.

"அது பரண்மேல, மஞ்சத்துணி சுத்திக் கெடந்துச்சு. ஷேப் நல்லா இருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்."

படம் முடிந்ததும் பாத்திரங்களைப் பாகாலாவில் இருக்கும் தன் அத்தை மனோரமாவிடம் கொடுத்துவிடச் சொல்லி, அத்தையின் போன் நம்பரையும் சொல்லிவிட்டு அவன் கிளம்பினான். அந்த வாரமே ஃப்ளைட் ஏறிவிட்டான். மஞ்சு அப்போது கீழ்வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அவன் பார்க்கவே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். வெறும் பாத்திரத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. நிலைப்படிக்கு வெளியிலேயே கொஞ்சம் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே எடுப்போம். பத்மினியும் அதைத்தான் செய்தாள். நாலையும் வாசலிலேயே புளி போட்டுத் தேய்த்தாள். பெரிய பாத்திரங்களில் ஒரு கை தண்ணீர் தெளித்தாள். சொம்பு சின்னதுதானே என்று அதை வாய்வரை நிரப்பினாள். நிரப்பியதைப் பார்த்ததும், ஓவியக்காரி இல்லையா, பித்தளை மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒரு ஆரஞ்சு நிறம் இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று தோன்றிவிட்டது. அவன் போனபின் மேலே வந்திருந்த மஞ்சுவின் தலையில் இருந்த கனகாம்பரத்தில் ஒரு துண்டைக் கிள்ளிச் சொம்பின் வாயில் வைத்தாள்.

அதோடு விட்டாளா? குழந்தை சிரிக்க வேண்டுமே என்று சொம்பைப் பார்த்து விளையாட்டாக, "வலது காலை எடுத்து வெச்சு உள்ள வாங்கம்மா" என்றாள்.

மஞ்சு கைகொட்டிச் சிரித்தாள்.

பளபளக்கும் பொருளை வரைவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தெரியாதவர்கள், பித்தளையா, தங்க நிறம் அடித்துவிடு என்பார்கள். அடித்துப் பாருங்கள், சொம்பு சேற்றில் விழுந்த மாதிரி இருக்கும். பித்தளைக்கென்று தனியாக ஒரு நிறமே கிடையாது. அதற்கு எதிரில் என்ன இருக்கிறதோ அதுதான் அதன் நிறம். ஜன்னல், தரை, வரைபவளின் புடவை, பின்னால் இருக்கும் சுவர் எல்லாம் அதன் வயிற்றில் வளைந்து நெளிந்து கிடக்கும். பத்மினி டிராயிங் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டது இந்தப் பித்தளைச் சொம்பில்தான். அந்த வீறாப்பில்தான் இந்த வேலையை ஒப்புக்கொண்டாள்.

இதற்கு ஒரு வழி உண்டு. என்ன பொருள் என்று யோசிக்கவே கூடாது. கண்ணைப் பாதி மூடிக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, அதன் பக்கத்தில் ஒரு பச்சைத் திட்டு, கீழே ஒரு பழுப்பு என்று பார்த்ததைப் பார்த்தபடி வைத்துக்கொண்டே போக வேண்டும். எல்லாம் வைத்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், திட்டுகள் சேர்ந்து பாத்திரமாகிவிடும். என்ன வரைகிறோம் என்பது வரையும்போது தெரியாது.

அதுதான் வினை.

முதல் நாள் மத்தியானம் சொம்பில் தொடங்கினாள். வடக்கு ஜன்னல் பக்கம் மேசை. மேசைமேல் பாத்திரங்கள். எதிரில் இவள். இவளுக்குப் பின்னால் தரையில் பாய், பாயில் மஞ்சு தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்கும் பின்னால் வெறும் சுவர். பாதிக் கண் மூடி ஒவ்வொரு திட்டாக வைத்தாள். வளைந்த வெள்ளை, அது ஜன்னல். நீளமான நீலம், அது இவள் புடவை. அதன் ஓரமாக ஒரு மஞ்சள் பொட்டு. மஞ்சுவின் கவுன். நிறம் மாறக் கூடாதென்று படம் முடியும்வரை மத்தியானங்களில் இருவருக்கும் அதே துணிதான். அதற்கும் மேலே, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மெரூன் திட்டு.

வைத்துவிட்டாள்.

டீ போட்டுக்கொண்டு வந்து தள்ளி நின்று பார்த்தபோதுதான் அந்த மெரூன் உறுத்தியது. சுவரோரமாக யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தாள். சுவரில் ஏழுமலையான் காலண்டர் தொங்கியது. மெரூனில் அந்த அறையில் ஒரு கைக்குட்டைகூட இல்லை.

மறுபடி சொம்பைப் பார்த்தாள். மெரூன் திட்டு அங்கேயே இருந்தது.

'எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியாக இருக்கும்' என்று நினைத்துக்கொண்டாள். நாமும் அப்படித்தானே நினைத்திருப்போம்!

மறுநாள் கதவைச் சாத்தினாள். திட்டு இருந்தது. ஜன்னலில் பாதியைத் துணி போட்டு மறைத்தாள். திட்டு மங்கியது, போகவில்லை. சொம்பை இடமும் வலமும் நகர்த்தினாள். ஜன்னல் நகர்ந்தது, சுவர் நகர்ந்தது. மெரூன் மட்டும் மஞ்சள் பொட்டை விட்டு விலகவே இல்லை.

பிறகு அவள் செய்த காரியம்தான் அவளை முதல்முதலாகப் பயமுறுத்தியது. பக்கத்தில் இருந்த குடத்தைப் பார்த்தாள். அதுவும் பித்தளைதான், அதுவும் அதே அறையைத்தான் காட்டியது. ஜன்னல், நீலப் புடவை, மஞ்சள் கவுன், வெறும் சுவர். தவலையிலும் அப்படித்தான். தூக்கிலும் அப்படித்தான்.

சொம்பில் மட்டும் ஒரு ஆள் அதிகமாக இருந்தது.

அன்று சாயங்காலம், கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா தாட்சாயணி மாடிப்படியில் நின்று மூக்கை உறிஞ்சினாள். தெலுங்கும் தமிழும் கலந்துதான் அந்தம்மாவுக்குப் பேச்சு.

"ஏமம்மா பத்மினி, கல்யாண வீடு மாதிரி பூ வாசன வஸ்துந்தி! பூக்கடை கிடை வெச்சுட்டியா?"

"இல்லீங்கம்மா."

"அப்ப எங்கேர்ந்து வர்து?"

கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது. இது பத்மினிக்கும் தெரியும், தாட்சாயணிக்கும் தெரியும்.

வேலையை அன்றே நிறுத்தியிருக்கலாம். பின்னாளில் இதை அவள் சொன்னபோது நானும் அதைத்தான் கேட்டேன். "பைத்தியமா உனக்கு? சொம்பைத் தூக்கிக் கடாச வேண்டியதுதானே?" என்றேன். "படம் நல்லா வந்துகினு இருந்துச்சுக்கா" என்றாள். பாருங்கள்! ஆனால் உண்மைதான். அவள் வாழ்நாளில் பித்தளை அவளுக்கு அப்படி வசப்பட்டதில்லை. சொம்பு கேன்வாஸ் துணியிலிருந்து எழுந்து வந்து நிற்கிற மாதிரி இருந்தது. கண்ணுக்கு ஏதோ கோளாறு, வேலை முடிந்ததும் டாக்டரிடம் காட்டலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த நாள் திட்டு சுவரோரத்தில் இல்லை. பாயை ஒட்டி இருந்தது.

இப்போது அது புளியங்கொட்டை அளவு இல்லை, கட்டைவிரல் நகம் அளவு. பாதிக் கண் மூடி அதையும் வரைந்தாள். மெரூனுக்கு மேலே கொஞ்சம் கறுப்பு. கறுப்பில் ஒரு ஓரமாக ஆரஞ்சுப் பொட்டு. நடுவில் மாநிறமாக ஒரு கீற்று. கீற்றின் நுனி மஞ்சள் பொட்டின்மேல் படிந்திருந்தது.

தள்ளிப் போய் நின்று பார்த்தாள்.

கொண்டை. கொண்டையில் கனகாம்பரம். நீட்டிய ஒரு கை. கை மஞ்சுவின் தலைமேல் இருந்தது.

தூரிகையைப் போட்டாள். ஓடிப்போய்க் குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். மஞ்சு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி மட்டும் ஜில்லென்று இருந்தது.

குழந்தை எழுந்ததும் மடியில் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"மஞ்சு... நீ தூங்கும்போது இங்க யார்னா வந்தாங்களா?"

"ஆமா."

"யாரு?"

"அவங்கதான். நீதானே உள்ள வாங்கன்னு கூப்ட்ட?"

பத்மினி குழந்தையை மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"இப்ப எங்க இருக்காங்க?"

"உனுக்குப் பின்னால. திரும்பாதம்மா. நீ திரும்புனா பூடறாங்க."

பத்மினி திரும்பவில்லை. குழந்தை சொன்னதற்காக இல்லை. கழுத்து திரும்பவில்லை.

அன்று ராத்திரி இருவரும் தாட்சாயணி வீட்டில் படுத்துக்கொண்டார்கள். மேலே பல்லி விழுந்துவிட்டது, அறையைக் கழுவ வேண்டும் என்று ஏதோ சாக்கு. சொம்பை மறுநாள் பாகாலாவுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டாள். காலையில் எழுந்தால் வெயில் பளீரென்று அடிக்கிறது. கீழே பால்காரன் சண்டை போடுகிறான். தாட்சாயணி ஊத்தப்பம் வார்க்கிறாள். எல்லாம் அசட்டுத்தனமாகத் தோன்றியது. படத்தில் இன்னும் சொம்பின் கழுத்து மட்டும்தான் பாக்கி. ஒரு மணி நேர வேலை. முடித்துவிட்டே கொண்டுபோகலாமே!

மஞ்சுவைக் கீழேயே தூங்க வைத்தாள். கதவைத் தாழ் போட்டுக்கொள்ளும்படி தாட்சாயணியிடம் சொன்னாள். தனியாக மாடிக்கு வந்தாள்.

பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினாள். வெறும் தரை. வெறும் சுவர்.

சொம்பைப் பார்த்தாள். அதிலும் வெறும் தரை, வெறும் சுவர். மெரூன் இல்லை.

அப்பாடா என்றிருந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள். கழுத்தின் மேல் வளைவில் ஒரு வெள்ளை வைத்தாள். கீழே ஒரு பச்சை. வெளியே ஐஸ் வண்டி மணி. அது தெருக்கோடிக்குப் போய்த் தேய்ந்தது. அப்புறம் சத்தமே இல்லை. தறிச் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

ஒரு பழுப்பு வைத்தாள்.

ஒரு மஞ்சள் வைத்தாள்.

கை நின்றது.

மஞ்சள்...?

கண்ணை முழுசாகத் திறந்தாள்.

சொம்பின் வயிற்றில், அவளுடைய நீலப் புடவைக்குப் பின்னால், மஞ்சள் கவுன். படுத்திருக்கவில்லை. உட்கார்ந்திருந்தது.

அதன் பின்னால் மெரூன்.

சரக்... சரக்...

சீப்பின் சத்தம்.

பூ வாசனை குப்பென்று வந்தது. கூடவே வேறொரு வாடை. பாசி. கிணற்றுப் பாசி.

சரக்... சரக்...

திரும்பினாள்.

மஞ்சு தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. தலை பின்னுக்குச் சாய்ந்திருந்தது. யாரோ முடியைப் பிடித்து இழுத்துப் பின்னினால் சாயுமே, அப்படி. பின்னால் ஒருவரும் இல்லை.

முடி மட்டும் தானாகப் பின்னிக்கொண்டிருந்தது.

"மஞ்சூ!"

பின்னல் நின்றது.

குழந்தையை வாரி எடுத்தாள். ஓடினாள். படியில் முழங்கால் இடறித் தோல் கழன்றது. எழுந்தாள். ஓடினாள். தாட்சாயணி வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினாள்.

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

தாட்சாயணி தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தாள். பத்மினியின் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். திரும்பித் தன் வீட்டுக் கட்டிலைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தாழ் போட்ட கதவுக்குள்ளிருந்து பிள்ளை எப்படி வெளியே போனது என்று அந்தம்மா கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

மஞ்சுவின் முடி இறுக்கமாக ஒற்றைப் பின்னலாக இருந்தது. நுனியில் கனகாம்பரம். பின்னலைப் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரம்.

அன்றே எஸ்.டி.டி. பூத்திலிருந்து பாகாலாவுக்குப் போன் போட்டாள். மனோரமா மறுநாள் காலை பாசஞ்சரில் வந்து இறங்கினாள். ஐம்பது வயதிருக்கும், தைரியமான மனுஷி. மாடிக்கு வந்தவள், மேசைமேல் இருந்த சொம்பைப் பார்த்ததும் உள்ளே நுழையாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இத்த எவன் பரண்லேர்ந்து எறக்குனான்?"

"உங்க பிரபாகர்தாங்க."

"தண்ணி ஊத்துனியா இதுல?"

"ஊத்துனேன்..."

"பூ?"

பத்மினி தலையாட்டினாள்.

"உள்ள வான்னு சொன்னியா?"

பத்மினிக்கு அழுகை வந்துவிட்டது. மனோரமா அவளைத் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"உம்மேல தப்பில்லம்மா. இது எங்க பூவாடக்காரி சொம்பு."

பூவாடைக்காரி என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சுமங்கலியாகச் செத்த பெண்ணை வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது. கல்யாணம் என்றால் முதலில் அவளைத்தான் அழைப்பார்கள். நீர்நிலைக்குப் போய், சொம்பில் தண்ணீர் மொண்டு, பூ வைத்து, வீட்டுக்கு வாம்மா என்று கூப்பிட்டுக் கொண்டுவருவார்கள். மனோரமா வீட்டுப் பூவாடைக்காரியின் பெயர் செங்கம்மா. மனோரமாவின் அப்பாவுக்கு முதல் சம்சாரம். கைக்குழந்தைக்குத் தலைவாரிவிட்டுத் தண்ணீர் சேந்தப் போனவள் கிணற்றில் விழுந்துவிட்டாள். அந்தப் பெண் குழந்தையும் அப்புறம் தங்கவில்லை.

"அதனால எங்க வூட்ல ஒரு வழக்கம். அவள அழச்சாந்தா, ஒரு பொட்டப்புள்ளய எதுருல ஒக்கார வெச்சு, தல பின்னி, கனகாம்பரம் வெச்சுக் காட்டணும். இந்தா ஒம் பொண்ணு, நல்லா கீறா பாருன்னு சொல்லணும். மூணாம் நாளு அந்தத் தண்ணிய அதே கெணத்துல ஊத்திடணும். அவளும் போயிடுவா."

"பிரபாகர் கல்யாணத்துல...?"

"விசா, விசான்னு பறந்தானுங்க. வூட்ல ஒரு பொட்டப்புள்ள இல்ல. எல்லாம் பெங்களூரு, அமெரிக்கா. யார ஒக்கார வெக்கறது? மூணாம் நாளு இவனுங்க ஏர்போர்ட்ல. சொம்ப யாரோ துணி சுத்திப் பரண்ல போட்டுட்டாங்க. அவள அழச்சாந்தோம்மா... காட்டவும் இல்ல, அனுப்பவும் இல்ல."

"இப்பப் போயிக் கிணத்துல ஊத்திடலாம்ல?"

மனோரமா கையை விரித்தாள்.

"கெணறு எங்க இருக்குது? தூத்து பிளாட் போட்டுட்டாங்க."

மஞ்சுவையும் கூட்டிக்கொண்டு பிச்சாட்டூர் ஏரிக்குத்தான் போனார்கள். மனோரமா முட்டியளவு தண்ணீரில் இறங்கி, சொம்பைக் கவிழ்த்து, அதை ஏரியிலேயே விட்டாள். கரையேறும்போது பத்மினி கேட்டாள்.

"போயிட்டாங்களா?"

"எனுக்கு எப்டித் தெரியும்? கெணறு அவுளுது. ஏரி அவுளுது இல்லியே."

அங்கிருந்து நேராகத் திருமலைக்குப் போனாள் பத்மினி. மஞ்சுவுக்கு மொட்டை போட்டாள். பின்ன முடி இருந்தால்தானே?

படத்தில் மெரூன் இருந்த இடத்தின்மேல் சுவரின் நிறத்தைக் கெட்டியாகப் பூசினாள். மஞ்சள் பொட்டையும் விடவில்லை. இரண்டு மாதம் காய்ந்தபின், பிரபாகரின் சிநேகிதன் ஒருவன் அதைச் சுருட்டி அமெரிக்காவுக்கு எடுத்துப் போனான். எரித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் சொன்னால் சொன்னபடி செய்துகொடுக்கிறவள் அவள். வீட்டில் பிறகு எந்தத் தொந்தரவும் இல்லை. பூ வாசனை இல்லை. மஞ்சுவும் எதுவும் சொல்லவில்லை. பத்மினி மாதாமாதம் அவள் முடியைக் கழுத்துக்கு மேல் ஒட்டக் கத்தரித்துவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம். வீட்டுக்கே போன் வந்துவிட்டிருந்தது. மணி பன்னிரண்டரை. பிரபாகர்தான் பேசினான்.

"சாரி மேடம், இங்க ராத்திரி ரெண்டு மணி. தூக்கம் வரல. ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க."

"அந்தப் படத்துல சொம்புக்குள்ள ஒரு மெரூன் கலர் தெரியுது. மொதல்ல இல்ல. இப்பத்தான் வருது."

எண்ணெய் வண்ணத்தில் அது நடக்கும். மேலே பூசியது வருஷம் போகப் போக மெலிந்து, அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். வரைகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் இரண்டே வருஷத்தில் நடக்காது.

"அதக் கழட்டிடுங்க" என்றாள்.

"கழட்டிட்டோம் மேடம். அது இல்ல விஷயம். எங்களுக்குப் பொண்ணு பொறந்திருக்கா. ஒரு வயசு ஆகுது. டெய்லி இந்த ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்துக்கறா. அழறதில்ல. சொவத்தப் பார்த்துச் சிரிக்கிறா. அம்மா, அப்பான்னு எதுவும் இன்னும் பேச வரல. ஆனா அப்ப மட்டும் ஒரு பேரச் சொல்றா. யாரோ சொல்லிக் குடுத்த மாதிரி. எங்க வீட்ல, ஃப்ரெண்ட்ஸ்ல அந்தப் பேர்ல யாருமே இல்ல..."

போனில் கரகரவென்று சத்தம். அதற்குள்ளே, தூரத்தில், ஒரு குழந்தையின் சிரிப்பு.

"யார் மேடம் மஞ்சு?"

ரிசீவரை அப்படியே தொங்க விட்டுவிட்டுப் பத்மினி மஞ்சுவின் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை. சாப்பாட்டு வேளை. மரத்தடியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மஞ்சு தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தாள். பத்மினி அவள் தலையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. ஒரு ஈரமும் இல்லை. அப்பாடா என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

மஞ்சு கை கழுவிக்கொண்டு வந்து அம்மாவின் புடவையில் துடைத்தாள்.

"எம்மா, நான் முடி வளத்துக்கட்டுமா?"

"ஏன்டி?"

"அவங்க கேட்டுகினே இருக்காங்க."

மஞ்சு இன்றைக்கு வேலைக்குப் போகிறாள். நல்ல பெண், நன்றாகச் சிரித்துப் பேசுவாள். பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், முடியை ஏன் இப்படி ஒட்ட வெட்டியிருக்கிறாய் என்று. பத்மினி காபி கொண்டுவர உள்ளே போய்விடுகிறாள்.